தாங்கிக்கு முகம் கிடையாது

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடிதம் முழுக்க அதைத்தான் தேடிக்கொண்டிருப்பாய். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

நேற்று எனக்கு நேர்ந்த மானக்கேட்டை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் புதுச் சட்டை கொடுத்தார்கள். சாம்பல் நிறம், நெஞ்சில் ஒரு பை. பேனாவைப் பையில் வைத்தால் தரையில் விழுகிறது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. நாலு தடவை குனிந்து எடுத்தபிறகு, பேனா சரியில்லை என்று தலைமை நர்ஸிடம் போய்ப் புகார் சொன்னேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேனா நல்லாத்தான் இருக்கு, தைலம். சட்டையத்தான் உள்பக்கம் வெளிய தெரியப் போட்டிருக்கீங்க. பை உள்ள இருக்கு" என்றார். காலை எட்டு மணியிலிருந்து அப்படித்தான் திரிந்திருக்கிறேன். ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

தைலம் என்ற பெயர் இங்கேயும் என்னோடு வந்துவிட்டது. இருபது வருஷம் சந்தையில் நின்று, தடவினால் வலி பறந்துவிடும் என்று கூவி விற்றவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள். வலி பறந்ததோ இல்லையோ, மந்திர வைத்தியம் ஊருக்கு வந்த வருஷமே என் வியாபாரம் பறந்துவிட்டது. இப்போது விரிப்பும் தலையணை உறையும் எண்ணி அடுக்குகிறேன். வாழ்க்கையில் முதல்முறையாக யாரையும் ஏமாற்றாமல் சம்பளம் வாங்குகிறேன்.

ஊர் ரொம்ப மாறிவிட்டது. இறக்கத்தில் வண்டியை யாரும் நிதானமாக ஓட்டுவதில்லை. நம் தெரு முனையில் நாலு மாடிக் கட்டடம் எழும்புகிறது. மேலே நிற்கிற கொத்தனார்கள் இடுப்பில் ஒரு கயிறு கிடையாது. மேஸ்திரியிடம் கேட்டேன்.

"எதுக்குண்ணே கயிறு? விழுந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா மந்திரத்துல ஒட்டிடறாங்க. மத்தியானம் வேலைக்கு வந்துடுவான்."

"வலிக்குமேப்பா."

"எங்க ஆளுக்கு வலிக்காதே" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

படிப்பைப் பார். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் அப்பா.


மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் சட்டைக் கதையை அறையில் உரக்கப் படித்தேன், மூன்று பேர் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த வலியை யாருக்கும் அனுப்பவில்லை.

இங்கே இனிமேல்தான் உண்மையான பாடம். உடைந்த எலும்பை மந்திரத்தால் ஒட்டிவிடலாம், அது சுலபம். ஆனால் மாதக்கணக்கில் பட வேண்டிய வலி அத்தனையும் ஒரே மூச்சில் வந்து நிற்கிறது. ஏற்கெனவே அடிபட்ட உடம்புக்கு அதையும் கொடுத்தால் இதயம் நின்றுவிடும், நல்ல உடம்பு தாங்கிவிடும். அதனால்தான் அது ஏதோ ஓர் ஊரில், மணிக்கட்டில் செப்பு வளையம் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் நோவுதாங்கிக்குப் போகிறது. யாருக்கு என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் ஆசிரியைக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் நின்று எண்ணுவார். பதினொன்று எண்ணுவதற்குள் எலும்பு ஒட்ட வேண்டும். பயந்துபோய் நடுவில் கையை எடுத்தால், மறுபடி கை வைக்கும்போது வலி முதலிலிருந்து தொடங்கும். அவர் முதல் நாள் பலகையில் எழுதிப்போட்ட வரி: 'தாங்கிக்கு முகம் கிடையாது.' போன வருஷம் ஓர் அக்காவுக்குத் தன் தம்பி தாங்கியாக இருப்பது தெரிந்துவிட்டதாம். அன்றிலிருந்து யார்மேல் கை வைத்தாலும் நடுக்கம். படிப்பையே விட்டுவிட்டார். இப்போது சட்டம் போட்டுவிட்டார்கள்: பெற்றோரோ உடன்பிறந்தவரோ தாங்கியாக இருந்தால் லைசென்ஸ் இல்லை.

நமக்கு அந்தக் கவலை இல்லை. உறுதிமொழிப் படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

சிரிக்கவில்லை அப்பா, கேட்கிறேன். எழுத்து ஏன் இப்படி நடுங்குகிறது?

உங்கள் மகள்.


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா? வடியாவிட்டால் இந்தத் தடவையாவது ஆஸ்பத்திரிக்குப் போ.

குழந்தையிடமிருந்து படிவம் வந்திருக்கிறது. 'என் குடும்பத்தில் எவரும் நோவுதாங்கியாகப் பணிபுரியவில்லை.' கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. மூன்று நாளாக மேஜைமேல் கிடக்கிறது. அதன்மேல் டம்ளரை வைத்து ஒரு வட்டக் கறை வேறு வந்துவிட்டது.

நான் விரிப்பு எண்ணவில்லை என்பது உனக்குத் தெரியும், அதன்மேல் படுத்திருக்கிறேன் என்பதும் தெரியும். எங்கள் வார்டு பழைய தானியக் கிடங்கு. ஜன்னலெல்லாம் உயரத்தில். தரையோடு ஆணி அடித்த ஆறு கட்டில், தோல் வார், கடித்துக்கொள்ளத் துணிச்சுருள். தலைக்கு மேலே ஆளுக்கொரு பல்பு. வலி வரும்போது எரியும். வந்துவிட்டது என்று எங்களுக்கே சொல்ல ஒரு பல்பு. எந்தப் படித்தவன் மூளையில் உதித்ததோ. உடம்புக்கு ஒன்றும் ஆகாது, முடிந்ததும் எழுந்து டீ குடிக்கலாம். கைதான் இரண்டு நாள் நடுங்கும். பக்கத்துக் கட்டில்காரர் தையல்காரர். கிழிசல் ஒட்டுகிற மந்திரம் வந்து அவர் கடை போனது. அந்தப் பக்கம் ஒரு விளக்குக்காரர், ஒரு தண்ணீர்வண்டிக்காரர். மந்திரம் வந்து பிழைப்பு போனவர்களுக்கெல்லாம் மந்திரமே ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறது.

வேறு வேலை பார்த்திருக்கலாமே என்று நீ ஆயிரம் தடவை கேட்டாய். அவள் அம்மா கடைசி ஆறு மாதம் துடித்தபோது நான் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அக்கா. நான் விற்ற தைலம். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா. இந்த வேலை அப்போதே இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு. அதை விடு.

இன்னொன்று. போன மாதம் பழகுநர் வரிசைக்கு மாறிக்கொண்டேன், நானாகக் கேட்டு. படிக்கிற பிள்ளைகளின் பழகாத கைகள் எல்லாம் அந்த ஆறு கட்டிலுக்குத்தான் வரும். பழகிய வைத்தியர் கையைவிட மோசம் என்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டு.

படிவத்துக்கு என்ன செய்யட்டும்?

தம்பி.


ஏப்ரல் 5

தம்பிக்கு,

முழங்கால் முழங்காலாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன். என் வலியை நானே வைத்துக்கொள்கிறேன். அது யார் தலையில் விடியும் என்று தெரிந்தபிறகு எப்படிடா போவது?

ஞாயிறு விடுமுறையாம். யாரிடம் கதை விடுகிறாய்? ஆறு கட்டிலில் ஒன்றில் நீ படுத்திருந்தால் அவள் கை உன்மேல் வர ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு, அதுதானே உன் கணக்கு. தைலம் விற்ற புத்தி போகவில்லை. எல்லாவற்றையும் நீயே தடவிவிடலாம் என்று நினைப்பு.

கையெழுத்துப் போடாமல் அவளிடம் உண்மையைச் சொல். இல்லை, வேலையை விடு. ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷம் என்று அழாதே. பொய்க் கையெழுத்துப் போட்டு அது தெரியவந்தால், லைசென்ஸ் போவது இருக்கட்டும், அந்தப் பெண் ஆயுசுக்கும் இன்னொருத்தர்மேல் கை வைக்கமாட்டாள். அவளை வளர்த்ததில் எனக்கும் பாதி உண்டு, அதனால் சொல்கிறேன். நானே எழுதிவிடுவேன், ஜாக்கிரதை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா.


ஏப்ரல் 9

அன்பு மகளுக்கு,

இங்கு எல்லாம் சுகம். அத்தையும் சுகம், என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தில் உள்ள வட்டம் டம்ளர் கறை. அரசாங்க முத்திரை என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். கையெழுத்து நடுங்குவது ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கி. நூறு விரிப்பு ஒரு ஆள் கனம் இருக்கும். கவலைப்படாதே.

உன் முதல் வைத்தியம் என்றைக்கு என்று எழுது. தேதி தெரிந்தால் நல்லது. சும்மா, நினைத்துக்கொள்ளத்தான்.

உன் அப்பா.


ஜூன் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னியுங்கள். தேதியை எங்களுக்கே முன்கூட்டிச் சொல்லவில்லை. திடீரென்று கூப்பிட்டார்கள். பதினான்காம் தேதி, காலை பத்தேகால்.

ஒரு கொத்தனார், மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தவர். கயிறு கட்டவில்லை. வலது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. அவர் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார். "சீக்கிரம் முடிங்கம்மா, சிமெண்ட் காஞ்சிடும்" என்றார். கை வைத்தேன். ஆறு எண்ணும்போது, இந்த நேரம் அங்கே யாரோ ஒருவர் என்று ஒரு நினைப்பு வந்தது. கையை எடுத்துவிட்டேன். கடிகாரம் "திரும்ப வை" என்று அதட்டினார். வைத்தேன், எட்டில் மறுபடி எடுத்துவிட்டேன். மூன்றாவது தடவைதான் ஒட்டியது. கொத்தனார் எழுந்து நன்றி சொல்லிவிட்டு நடந்துபோனார்.

எட்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. இரக்கப்பட்டுத்தான் எடுத்தேன், அந்த இரக்கத்தால்தான் அவருக்கு மூன்று மடங்கு. முப்பதாம் தேதி அடுத்த முறை. அதற்கு முன் விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

உங்களிடம் ஓர் உதவி. பழகுநர் வரிசை உங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது என்று கடிகாரம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். நீங்கள் விரிப்பு கொண்டுபோகிற வார்டாகக்கூட இருக்கலாம். பதினான்காம் தேதி பத்தேகாலுக்கு யார் என்று விசாரித்து, இத்துடன் உள்ள தாளை அவரிடம் சேர்த்துவிடுங்கள். தப்பு என்று தெரியும். வேறு யாரிடம் கேட்பேன்?

உங்கள் மகள்.

(உடன் இருந்த தாள்)

ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

பதினான்காம் தேதி உங்களை மூன்று தடவை வதைத்தது நான்தான். முகம் கிடையாது என்று சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கு அதை நம்பத் தெரியவில்லை. மன்னிக்க வேண்டாம். எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். அது தெரியாமல் என்னால் இன்னொரு தடவை கை வைக்க முடியாது.


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலை இன்றைக்கு விசாரிக்கவில்லை, மன்னித்துக்கொள்.

பதினான்காம் தேதி காலை. தையல்காரரும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மொட்டைத்தலையருக்கு முடி வளரும் என்று தைலம் விற்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பல்பு எரிந்தது. வலது கால், முழங்காலுக்குக் கீழே. போயிற்று, அப்பாடா என்று மூச்சை விடுகிறேன், திரும்ப ஆரம்பத்திலிருந்து. மறுபடியும். ஐந்து வருஷத்தில் நான் அப்படிக் கத்தியதில்லை, அக்கா. சமையற்கட்டிலிருந்து ஆள் ஓடி வந்தது.

முடிந்ததும் தையல்காரர் தண்ணீர் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "எவளோ ஒரு கழுதைக்கு லைசென்ஸ் குடுக்கப் போறாங்கய்யா."

நான் அதைவிட மோசமாக ஒரு வார்த்தை சொன்னேன். அதை உனக்கு எழுத முடியாது.

இன்றைக்கு அவள் கடிதம் வந்தது. தேதி, மணி, எந்தக் கால் என்று எல்லாம் எழுதியிருக்கிறாள். அந்தத் தாங்கியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி என்னிடமே கேட்டிருக்கிறாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். கடைக்காரர், "என்ன அண்ணே, துக்கச் செய்தியா" என்றார். "இல்ல, பொண்ணு படிப்பு விஷயம்" என்றேன். அதுவும் உண்மைதானே.

ஐந்து நாளில் அவள் அடுத்த தடவை கை வைக்க வேண்டும். பதில் போகாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். உண்மை போனாலும் வந்துவிடுவாள். நீ இப்போது அவளுக்கு எழுதாதே, அக்கா. என்னை நேரில் வந்து அடித்துக்கொள்.

தம்பி.


ஜூன் 25

வைத்தியர் அம்மா அவர்களுக்கு,

உங்கள் தாள் விரிப்புக்காரர் மூலமாகக் கிடைத்தது. எனக்கு எழுத்து சரியாக வராது, பக்கத்துக் கட்டில்காரர் எழுதுகிறார்.

நான் நலமாக இருக்கிறேன். அன்றைக்கு மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டேன். வலி போனபிறகு அது இருந்த இடமே தெரியாது. எங்கள் தொழிலில் உள்ள ஒரே சவுகரியம் அது.

உங்களைவிட மோசமான கைகளைப் பார்த்திருக்கிறேன். இரக்கம் வருவது தப்பில்லை. இரக்கம் வந்தால் கையை அழுத்தி வைத்திருங்கள், எடுக்காதீர்கள். எடுக்காத கைதான் எங்களுக்கு நல்ல கை. நீங்கள் மூன்றாவது தடவை எடுக்கவில்லை, அது எனக்குத் தெரிந்தது. விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் ஒன்று யோசியுங்கள். உங்கள் இடத்துக்கு வேறொருத்தர் வருவார். அவருக்கு நாங்கள், வலி வரும்போது தலைக்கு மேல் எரிகிற ஒரு பல்புதான்.

ஒரு கோரிக்கை. அறைக்குள் வருகிறவர்கள் கதவைத் தட்டுவார்கள். வலி மட்டும்தான் தட்டாமல் வருகிறது. ஒரு நொடி முன்னால் ஏதாவது தெரிந்தால் கட்டிலைப் பிடித்துக்கொள்வோம். முடியாவிட்டால் பரவாயில்லை.

இப்படிக்கு, ஒரு தாங்கி.

எழுதுகிறவன் சேர்ப்பது: இவர் சொல்வது எல்லாம் சரி. ஆனால் மத்தியானம் சாப்பிட்டது என் பங்கையும் சேர்த்து என்பதைச் சொல்லவில்லை.


ஆகஸ்ட் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை அது உபசாரத்துக்கு எழுதியதில்லை.

அந்தக் கடிதம் இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் கைக்கு வந்தது. மறுநாள் ஒன்பது எண்ணுவதற்குள் முடித்தேன், கையை எடுக்கவில்லை. இதுவரை பதினேழு பேர். போன வாரம் லைசென்ஸ் வந்துவிட்டது.

இன்னொன்றும் செய்கிறேன். கை வைப்பதற்கு முன்னால், அதே மந்திரத்தைத் துளிபோல மூன்று தடவை அனுப்புகிறேன். அந்தப் பக்கம் மணிக்கட்டில் யாரோ விரலால் தட்டுவதுபோல இருக்கும். கடிகாரம் முதலில் கத்தினார். "முகம் கிடையாதுன்னு சொன்னா, நீ கதவையே போய்த் தட்டறியா?" என்றார். நான் நிறுத்தவில்லை. இப்போது என் வகுப்பில் நாலு பேர் தட்டுகிறார்கள். போன திங்கட்கிழமை கடிகாரம் ஒரு கை ஒட்டினார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவரும் மூன்று தடவை தட்டினார்.

அந்தக் கொத்தனார் திரும்பவும் வந்தார், இப்போது தோள். "இது எங்கயோ ஒருத்தருக்கு வலிக்குதுங்க" என்றேன். "அப்படியா" என்றார். போகும்போது, "அவரு சம்பளத்துக்குத்தானே படுத்திருக்காரு?" என்று கேட்டார்.

அந்தத் தாங்கியை நேரில் பார்க்க வேண்டும் அப்பா. அக்டோபரில் விடுமுறை. கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சில இடத்தில் நீங்கள் பேசுவதுபோலவே இருக்கிறது. ஒரே ஊர்க்காரர் என்பதால் இருக்கும்.

உங்கள் மகள்.


ஆகஸ்ட் 19

அன்பு மகளுக்கு,

உன் லைசென்ஸ் செய்தியைப் படித்துவிட்டு, தெருவில் எதிரே வந்த முன்பின் தெரியாதவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் பயந்துபோய்க் குடித்தார். மற்றபடி சுகமாக இருக்கிறேன்.

அந்தத் தாங்கியைப் பார்ப்பது சிரமம். வார்டுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். அவர் கொஞ்சம் கூச்ச சுபாவம். பேசவும் மாட்டார். அக்டோபரில் இங்கே மழை வேறு, வண்டியெல்லாம் நின்றுவிடும். தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. டிசம்பரில் நானே அங்கு வருகிறேனே.

உன் அப்பா.


ஆகஸ்ட் 27

அப்பாவுக்கு,

நலம். அக்டோபர் ஐந்தாம் தேதி வண்டிக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். நான் பிறந்து வளர்ந்த ஊர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளும்.

மகள்.


அக்டோபர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்குக் கட்டுத்துணி அனுப்பியிருக்கிறேன், இறுக்கிக் கட்டு. நான் நலம். குழந்தை நேற்று திரும்பிப் போய்விட்டாள். நடந்ததை நீ கேட்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வண்டியைவிட்டு இறங்கினதும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "விரிப்புத் தூக்கியா இப்படி நடுங்குது?" என்றாள். "வயசும் சேர்ந்து தூக்குதும்மா" என்றேன். வளையத்தை முந்தின நாளே கழற்றிவிட்டேன். ஆனால் ஐந்து வருஷம் வளையம் இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடக்கிறதே, அதற்கு என்ன செய்ய. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன். அந்தப் புழுக்கத்திலும் ஒரு வாரம் கையை மடித்துவிடவில்லை. "அப்பா, பொத்தானாவது கழட்டுங்க" என்று நாலு தடவை சொன்னாள். கழற்றவில்லை.

எவ்வளவோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன். தாங்கிக்குக் காய்ச்சல் என்றேன், பழம் வாங்கிக்கொண்டு போகலாம் என்றாள். லீவில் போயிருக்கிறார் என்றேன், இப்போதுதானே காய்ச்சல் என்றீர்கள் என்றாள். வேறு வழியில்லாமல் தையல்காரரிடம் போய் நின்றேன்.

"உன் பொண்ணுகிட்ட நான் நீயா நடிக்கணும். அவ்வளவுதானே" என்றார் தையல்காரர். "எனக்கு என்ன தருவே?"

"என்ன வேணும்?"

"அந்த மொட்டைத்தலைக் கதைய முடி. பாதியில நிக்குது."

தலைமை நர்ஸ் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு ஒன்றுமே புரியாததுபோல இருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சலவை அறையைத் திறந்துவிட்டார். அழுக்கு விரிப்புக் குவியல்மேல் தையல்காரர் தலையை வாரிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். விரிப்புக்காரன் வேஷத்தில் இருக்கும் நானும் ஏதாவது செய்ய வேண்டுமே. துவைத்த விரிப்புகளைத் தாடைவரை அடுக்கித் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

குழந்தை அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நான்தான்."

"தெரியும்மா. தட்டிட்டு வர்ற பொண்ணு" என்றார். சொல்லிவிட்டு, நடிப்பு போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, முழங்காலைத் தடவிக்கொண்டார். இடது முழங்கால்.

"வலது கால் இல்லீங்களாய்யா?"

எனக்கு உயிர் போய்விட்டது. விரிப்பில் மேலே இருந்த இரண்டு சரிந்து விழுந்தன.

"எத்தனையோ கால் பாத்தாச்சும்மா" என்றார் தையல்காரர். அசரவில்லை மனுஷன். "எது எந்தப் பக்கம்னு எனக்கே மறந்துபோச்சு. என்னோட சொந்தக் காலே வலிச்சா, இது யாருதுன்னு கேக்கறேன்."

அவள் சிரித்தாள். கீழே விழுந்த விரிப்புகளை எடுத்து மடித்து, திரும்பி என்னைப் பார்க்காமலே என் அடுக்கின்மேல் வைத்தாள். பிறகு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "என்னைச் சமாதானப்படுத்த வேணாம். நெஜத்தச் சொல்லுங்க. அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற ஆள் தையல்காரர். அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் கண் போன பக்கம் அவள் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"பரவால்லம்மா" என்றார் தையல்காரர் கடைசியில். அவள் அது போதாது என்பதுபோல அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நான் விரிப்பு அடுக்கை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த இடத்தில் வாய்விட்டுச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன், அக்கா.

வலிச்சுதும்மா. நீன்னு தெரிஞ்சிருந்தா அப்படிக் கத்தியிருக்கமாட்டேன்.